ஊட்டியில 26 ஆயிரம் சம்பளத்துல குடும்பம் நடத்த முடியுமா? உள்ளூர்க்காரங்க வழி சொல்லுங்க

விருதுநகர்மகன் | ஜூன் 19, இரவு 10:52

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரியில டிரான்ஸ்பர்ல ஊட்டிக்கு வந்தேன். நான், வீட்டுக்காரி, ரெண்டரை வயசு பொண்ணு. பிடித்தம் போக கையில 26,400 வருது. விருதுநகர்ல இதே சம்பளத்துல மாசம் நாலாயிரம் மிச்சம் பிடிச்சவன் நான், இன்னைக்கு தேதி 19, அக்கவுண்ட்ல 312 ரூபா கெடக்கு. ஆடம்பரமா எதுவும் பண்ணல, சினிமா போகல, ஹோட்டல் போகல, அதான் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.

நேத்து உக்காந்து கணக்கு எழுதுனோம். வாடகை 9,500 (ஊட்டி டவுன் நடுவுல இருக்கற சேரிங்கிராஸ்ல இருந்து நடக்கிற தூரம்). கரண்ட் மாசத்துக்கு 1,950, கேஸ் 900, பால் 1,800, மளிகை காய்கறி 6,800, பெட்ரோல் 1,600, போன் டியூ 2,150, அம்மாவுக்கு 3,000, ரீசார்ஜ் 650, பாப்பாவுக்கு ஆஸ்பத்திரி மருந்து 1,500. கூட்டுனா 29,850. மாசாமாசம் 3,450 துண்டு விழுது, அது கிரெடிட் கார்டுல ஏறிட்டு இருக்கு.

இது போக மே மாசம் சொந்தக்காரங்க மூணு தடவை வந்தாங்க. மொத தடவை பெரியப்பா வீட்டுல ஆறு பேரு. வந்தவங்கள சும்மா அனுப்ப முடியுமா, போட்டிங், கார்டன், மத்தியானம் ஹோட்டல்ல சாப்பாடுன்னு ஒரே நாள்ல 4,800 போச்சு. வீட்டு ஓனர் ஏப்ரல்ல வந்து, சீசன் ரெண்டு மாசமும் 14,000 குடுங்க, இல்லன்னா காலி பண்ணுங்க காட்டேஜா விட்டுக்கறோம்னு சொன்னாரு. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு எங்க போறதுன்னு அதையும் கொடுத்தேன். இந்த ஊர்ல என்ன மாதிரி சம்பளக்காரங்க எப்படி வாழ்றாங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காந்தல்வாசி | ஜூன் 19, இரவு 11:30

தம்பி, மொதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்கங்க. இந்த ஊர்ல ரெண்டு விலை இருக்கு, ஒண்ணு டூரிஸ்ட் விலை, இன்னொண்ணு எங்க விலை. நீங்க ஜனவரியில இருந்து டூரிஸ்ட் விலையில குடித்தனம் பண்ணிட்டு இருக்கீங்க. உங்க மேல தப்பு இல்ல, வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு புரோக்கர் மொதல்ல காட்டறதே அந்த ஏரியா தான், அங்க இருக்கற ஒவ்வொரு வீடும் ஓனர் கண்ணுக்கு காட்டேஜா தான் தெரியும். மே மாசம் ஒரு ராத்திரிக்கு மூவாயிரம் நாலாயிரம் கிடைக்கற ரூம்ல உங்கள 9,500-க்கு வருஷம் பூரா எதுக்கு வச்சிருப்பாரு? அதனால அந்த பெல்ட்ட விட்டு வெளிய வாங்க. காந்தல், பர்ன்ஹில் பக்கம், லவ்டேல், தலையாட்டுமந்து, கொஞ்சம் தள்ளி எல்லநள்ளி, கேத்தி, இங்கெல்லாம் தான் சம்பளக்காரங்க இருக்கோம்.

வீடு தேடற மாசம் ஜூலை ஆகஸ்ட். மழை கொட்டும், ஒருத்தரும் வீடு மாத்த மாட்டாங்க, வாடகையும் பேச்சுக்கு எறங்கி வரும். அத விட முக்கியமா மழையில தான் வீட்டோட நெசம் தெரியும். இத கொஞ்சம் விரிவா சொல்றேன், பாப்பாவுக்கு மாசம் 1,500 மருந்துன்னு எழுதியிருக்கீங்களே, எனக்கு அதப் படிச்ச உடனே உங்க வீட்டு செவுரு தான் ஞாபகம் வந்துச்சு.

நான் 2011-ல கல்யாணம் ஆன புதுசுல 2,200 ரூபாய்க்கு வீடு கிடைச்சுதுன்னு சந்தோசமா போனேன். சரிவுல கீழ்ப்பக்கம், பின்செவுரு பூரா மண்ணோட ஒட்டி வெட்டி எறக்கின வீடு. மே மாசம் பாத்தப்ப புது பெயிண்ட்டு, பளபளன்னு இருந்துச்சு. ஜூலையில பீரோவ நகத்திப் பாத்தா பின்னாடி கருப்பு கருப்பா பூசணம், பீரோவுக்குள்ள கல்யாணப் பட்டுப்புடவை மடிப்புல வெள்ளையா பூத்திருக்கு, அரிசி டப்பாவுல ஒரு வாசனை. பொறந்த பையனுக்கு எட்டு மாசத்துல இழுப்பு வந்துச்சு, நெபுலைசர் வைக்க ராத்திரி ஒரு மணிக்கு தூக்கிட்டு ஓடியிருக்கேன். துணி காய நாலு நாள் ஆகும், அதுக்கு ஹீட்டர் போட்டு கரண்ட் பில்லு ஏறும். அடுத்த வருஷம் 3,000 ரூபாய்க்கு காலையில வெயில் விழற வீட்டுக்கு மாறினோம், எண்ணூறு ரூபா கூட. ஆனா மருந்து செலவு நின்னுச்சு, ஹீட்டர் நின்னுச்சு, கூட்டிக் கழிச்சா அந்த வீடு தான் மலிவு. இங்க வாடகை கம்மியான வீட்ட தேடாதீங்க தம்பி, காஞ்ச வீட்ட தேடுங்க.

வீடு பாக்கப் போனா செவுத்துல உள்ளங்கைய வச்சுப் பாருங்க, சில்லுன்னு ஈரமா ஒட்டுனா வேண்டாம். கட்டில், பீரோ வைக்கற மூலைய மோந்து பாருங்க, ஓதம் வாசனை பெயிண்ட் அடிச்சாலும் போகாது. கிழக்கு ஜன்னல் இருக்கா, எதிர்ல கற்பூர மரம் நின்னு வெயில மறைக்குதா. அப்புறம் தண்ணி. எத்தன நாளைக்கு ஒரு தடவை முனிசிபாலிட்டி தண்ணி விடறாங்க, டேங்க் எத்தன லிட்டர்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேளுங்க, ஓனர்கிட்ட கேக்காதீங்க. வெயில் காலத்துல லாரித் தண்ணி வாங்கற வீடா இருந்தா வாடகையில ஆயிரம் ரூபா சேத்துக்கங்க.

புரோக்கர் வேண்டாம். காலையில ஆறரைக்கு பால் டெப்போவுல நில்லுங்க, எந்த வீடு காலியாகுதுன்னு அங்க தெரியும்.

ஃபியூஸ்கட்டை | ஜூன் 20, காலை 6:15

கரண்ட் 1,950 மாசத்துக்கான்னு ரெண்டு தடவை படிச்சேன். சார், உங்க வீட்டுக்கு தனி மீட்டர் இருக்கா, இல்ல ஓனர் சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கறாரா?

விருதுநகர்மகன் | ஜூன் 20, காலை 7:40

சப் மீட்டர் தான் சார். யூனிட் 10 ரூபா. மொத ரெண்டு மாசத்துக்கு 390 யூனிட் வந்துச்சு, 3,900 கொடுத்தேன். ரூம் ஹீட்டர் ராத்திரி ரெண்டு மணி நேரம் தான் போடுவோம், கீசர் மொத்தமா ஒரு மணி நேரம் இருக்கும். காந்தல் அண்ணே, பீரோவ நகத்திப் பாத்தோம். நீங்க சொன்னது அப்படியே இருக்கு. வீட்டுக்காரி அழுதுட்டா.

ஃபியூஸ்கட்டை | ஜூன் 20, காலை 9:05

நெனச்சேன். கரண்ட் லைன்ல முப்பது வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், இந்தக் கணக்க எழுதித் தர்றேன், வச்சுக்கங்க.

வீட்டு சர்வீசுக்கு (கரண்ட் கனெக்சனுக்கு) ரெண்டு மாசத்துக்கு மொத 100 யூனிட் காசு கிடையாது. அடுத்த நூறு யூனிட்டுக்கு ரெண்டே கால், ரெண்டரை ரூபா வாக்குல தான். அதுக்கு மேல 400 வரைக்கும் அஞ்சு ரூபாய்க்குள்ள. உங்க 390 யூனிட் உங்க பேர்ல தனி மீட்டர்ல ஓடியிருந்தா ஏறக்குறைய 1,100 சொச்சம் தான் பில்லு. நீங்க கொடுத்தது 3,900. ஒரு சர்வீஸ்ல மூணு குடித்தனம் இருந்தா இலவச நூறு யூனிட் ஒரு தடவை தான் வரும், அது யாருக்குப் போகுதுன்னு தெரியாது, மூணு வீட்டு யூனிட்டும் ஒண்ணா சேந்து 500-ஐ தாண்டிரும். 500 தாண்டிட்டா அந்த ரெண்டாவது நூறோட சலுகை ரேட்டும் போயிரும், மேல மேல எட்டு ஒம்போதுன்னு ஏறும். அதனால ஓனர் மேல மட்டும் கோபப்பட்டு பிரயோசனம் இல்ல, சில பேருக்கு உண்மையிலயே அவ்வளவு பில்லு வருது. ஆனா அடுத்த வீடு பாக்கறப்ப மொத கேள்வி, தனி மீட்டரா? வாடகை ஐநூறு கூட இருந்தாலும் தனி மீட்டர் வீடு தான் எடுக்கணும்.

ஹீட்டர் 2,000 வாட்ஸ்னா மணிக்கு ரெண்டு யூனிட். நீங்க ரெண்டு மணி நேரம் போடறது தினம் 4 யூனிட், அறுபது நாளைக்கு 240. உங்க 390-ல பாதிக்கு மேல அதுவே. கீசர் தினம் ஒரு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 120. மிச்சம் 30 யூனிட்ல தான் லைட்டு, மிக்சி, டிவி எல்லாம் ஓடியிருக்கு. லைட்ட அணைச்சு அணைச்சு சேத்து வைக்கறதுல ஒண்ணும் ஆகாது, சூடு பண்ற சாமான் தான் காச திங்கும். கீசர ஒரே தடவை போட்டு மூணு பேரும் அடுத்தடுத்து குளிச்சு முடிச்சிரணும், காலையில ஒருக்கா சாயங்காலம் ஒருக்கான்னு போட்டா ஆறின தண்ணிய திரும்பத் திரும்ப சுட வைக்கறீங்கன்னு அர்த்தம். ஹீட்டர எடுத்து பரண்ல வச்சிருங்க. ரப்பர் வென்னீர் பை ரெண்டு வாங்குங்க, படுக்கறதுக்கு அர மணி நேரம் முன்னால ரஜாய்க்குள்ள வச்சா படுக்கை சூடா இருக்கும். பழைய கம்பளிய சுருட்டி கதவுக்கு அடியில வைங்க, காத்து அங்க தான் வருது.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். ஹீட்டர நிறுத்தறோம்னு கரி அடுப்பு, தணல் சட்டி உள்ள வச்சு கதவ சாத்திட்டு தூங்காதீங்க. கார்பன் மோனாக்சைடு வாசனை தெரியாது, புகையும் தெரியாது, தூக்கத்துலயே உசுரு போயிரும். ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் குளிர் காலத்துல இப்படி செத்துப்போன ஆளுங்க இருக்காங்க. காச மிச்சம் பிடிக்க குழந்தை இருக்கற ரூம்ல அந்த வேல மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேத்திஅக்கா | ஜூன் 20, மதியம் 2:20

தம்பி, வீட்டுக்காரம்மாவ அழ வேண்டாம்னு சொல்லுங்க, நாங்க எல்லாரும் அந்த பீரோ பின்னாடிய பாத்தவங்க தான். நான் சமையல் பக்கம் சொல்றேன், 6,800 ரூபாவுல ரெண்டாயிரம் கொறைக்கலாம், கொழந்தையோட பாலையும் முட்டையையும் தொடாமலே.

ஊட்டி உயரத்துல தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிரும். கீழ நூறுல கொதிக்கும். அதனால தெறந்த பாத்திரத்துல பருப்பு வேக வச்சா கொதிச்சுக்கிட்டே இருக்கும், வேகாது, கேஸ் தான் போகும். எங்க மாமியார் வீட்டுக்கு திருச்சியில இருந்து வந்த புது மருமகளா நான் இத தெரியாம ஒரு சிலிண்டர இருபத்திரெண்டு நாள்ல தீத்தேன். எல்லாமே குக்கர்ல தான், பயறு பருப்பு கொண்டக்கடலை எதா இருந்தாலும் ராத்திரியே ஊற வைக்கணும், இங்க குளிருக்கு எட்டு மணி நேரம் பத்தாது, பன்னெண்டு மணி நேரம் வேணும். விசில் வந்ததும் எறக்கி பழைய ஸ்வெட்டர் கம்பளி வச்சு குக்கர நல்லா சுத்தி ஒரு மூலையில வச்சிருங்க, அந்த சூட்டுலயே மிச்சமும் வெந்துரும். நாலு விசில் வைக்கறத ரெண்டு விசில்ல முடிக்கலாம். காலையில ஒரே தடவை வென்னீர் போட்டு பெரிய பிளாஸ்க்ல ஊத்தி வைங்க, கொழந்தைக்கு பால் கலக்க குடிக்கன்னு பத்து தடவை அடுப்பு பத்த வைக்க வேண்டாம். எங்க வீட்டுல இப்ப ஒரு சிலிண்டர் நாப்பது நாள் வருது, நாலு பேரு.

காய்கறிக்கு ஒரே பாடம், மலையில வெளையறத சாப்பிடுங்க. முருங்கக்காய், கத்திரிக்காய், தேங்காய், சின்ன வெங்காயம் எல்லாம் மேட்டுப்பாளையத்துல இருந்து லாரி ஏறி வருது, வாடகை சேந்து தான் விலை. கேரட்டு, பீட்ரூட்டு, முட்டகோஸ், நூல்கோல், டர்னிப், முள்ளங்கி, பட்டாணி, அவரை இது தான் நம்ம காய். அதுவும் டூரிஸ்ட் போற ரோட்டுல கட்டி வச்சிருக்கற கேரட்ட வாங்காதீங்க, உழவர் சந்தைக்குப் போங்க. முத்தோரை பாலாடா, கேத்தி பக்கம் கேரட் கழுவற மெஷின் ஓடற எடத்துல ஒடஞ்சது, ரெட்டைக்கால் கேரட்டெல்லாம் ஒதுக்கி வச்சிருப்பாங்க, மண்டிக்கு போகாது, கேட்டா அள்ளி தருவாங்க. ருசியில ஒரு வித்தியாசமும் இல்ல. மேரக்காய் (சௌசௌன்னு கீழ சொல்லுவீங்களே அது தான்) கொடி ஒண்ணு வேலியோரம் வச்சிட்டா வருஷத்துல பாதி நாள் காய் வாங்க வேண்டாம். கூட்டு, பொரியல், சாம்பார், துவையல், தோல சீவி சட்னி, எல்லாத்துக்கும் ஆகும். காய் முத்தி தானா முளை விடும், அத அப்படியே மண்ணுல சாய்ச்சு பொதச்சா போதும்.

ரேஷன் கார்டு ஊர்லயே கெடக்கா? தமிழ்நாட்டுக்குள்ள எந்தக் கடையிலயும் வாங்கலாம், 2020-ல இருந்து அப்படித்தான். ஆனா அட்ரஸ் மாத்திக்கறது நிம்மதி. அரிசிக்கு காசு இல்ல, துவரம்பருப்பு கிலோ 30, சர்க்கரை 25, பாமாயில் லிட்டர் 25. ரேஷன் அரிசி வேண்டாம்னு சொல்றவங்க இருக்காங்க, அத ஊற வச்சு இட்லிக்கு போடுங்க, இந்தக் குளிர்ல மாவு புளிக்க ரெண்டு நாள் ஆகுதுன்னா குக்கர் பக்கத்துல கம்பளிக்குள்ள மாவு சட்டியையும் சேத்து வச்சிருங்க, பொங்கி நிக்கும்.

அப்புறம் சொந்தக்காரங்க விஷயம். எனக்கு இது தான் ரொம்ப மனசுல பட்டுச்சு. ஊட்டியில வாக்கப்பட்ட இருவத்தி மூணு வருஷத்துல வராத சொந்தமே கெடையாது எங்களுக்கு. வர்றவங்கள நான் ஒருநாளும் கொறையா அனுப்பினதில்ல, ஆனா வர்றதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிருவேன், அத்தை வர்றப்ப தேங்காய் பத்து, வத்தல், புளி, நல்லெண்ணெய் ஒரு லிட்டரு எடுத்துட்டு வாங்க, இங்க அதெல்லாம் சரியா கிடைக்காதுன்னு. அவங்களுக்கும் வெறுங்கையா வந்த சங்கடம் இருக்காது. மத்தியானத்துக்கு வீட்டுலயே புளிசாதம், தயிர் சாதம், கேரட் பொரியல் கட்டி எடுத்துட்டுப் போவோம், எங்கயாச்சும் புல்லுல உக்காந்து சாப்பிடறது அவங்களுக்கு தான் பெரிய சந்தோசம். போட்டிங் டிக்கெட்ட அவங்க எடுக்கட்டும், நீங்க கைய நீட்டாதீங்க. உங்க பெரியப்பாவுக்கு உங்க கணக்கு தெரிஞ்சிருந்தா அந்த 4,800-ஐ செலவு பண்ண விட்டிருப்பாரா சொல்லுங்க?

சமவெளிவாசி | ஜூன் 20, மாலை 5:10

இவ்வளவு கஷ்டப்படறதுக்கு மேட்டுப்பாளையத்துலயோ காரமடையிலயோ வீடு எடுத்துட்டு தினம் பஸ்ல போயிட்டு வரலாமே. வாடகை கம்மி, குளிர் செலவு இல்ல.

டிஎன்43டிரைவர் | ஜூன் 20, மாலை 6:45

அண்ணா, மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வழியா ஊட்டி அம்பது கிலோமீட்டர், மலை ரோடு, போக ரெண்டு மணி நேரம் வர ரெண்டு மணி நேரம். நவம்பர் மழையில பர்லியார் பக்கம் மண்ணு சரிஞ்சா அன்னைக்கு சம்பளம் போச்சு. சனி ஞாயிறு டிராபிக்ல மூணு மணி நேரம் நிக்கும். சின்னக் கொழந்தையோட அப்பா தினம் நாலு மணி நேரம் பஸ்ல இருக்கறது மிச்சம் இல்லைங்க. கேத்தி, அருவங்காடு வரைக்கும்னா சரி, அதுக்கு மேல கணக்கு ஒத்து வராது.

நான் வேற ஒண்ணு சொல்ல வந்தேன். டாக்சி ஓட்டறேன். உங்களுக்காச்சும் மாசாமாசம் ஒரே சம்பளம், எங்களுக்கு ஏப்ரல் மே ரெண்டு மாசம், செப்டம்பர் அக்டோபர்ல செகண்ட் சீசன் கொஞ்சம், மிச்ச நாள் ஸ்டேண்ட்ல நின்னு மேகத்த பாத்துட்டு இருக்கணும். 2019 மே மாசம் நல்ல ஓட்டம். கை நெறைய காசப் பாத்ததும் இப்படியே இருக்கும்னு நெனச்சு பழைய வண்டிய குடுத்துட்டு லோன்ல புது வண்டி எடுத்தேன், மாச டியூ 14,600. அடுத்த மார்ச்ல லாக்டவுன். ஒரு வண்டி மேல ஏறல. டியூவ தள்ளி வச்சாங்க, ஆனா வட்டி நிக்கலையே. சம்சாரத்து தாலிக்கொடி தவிர எல்லாம் அடகுக்கு போச்சு, ஒரு சங்கிலி மூழ்கியே போச்சு. அந்த வண்டிய வித்துட்டு திரும்ப பழைய வண்டிக்கே வந்தேன். 2024 மே மாசத்துல இருந்து கோர்ட் உத்தரவுல வெளியூர் வண்டி மேல வர்றதுக்கு இ-பாஸ் வந்துச்சு, அடுத்த வருஷம் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000-னு அளவு வச்சாங்க. மலைக்கு அது வேணும், நான் குறை சொல்லல. ஆனா என் வருமானம் என் கையில இல்லன்னு அப்ப நல்லாவே புரிஞ்சுது.

இப்ப என்ன பண்றேன்னா சீசன்ல வர்ற காச சீசன்ல தொடறதில்ல. வருஷ வருமானத்த பன்னெண்டா பிரிச்சு வீட்டுக்கு மாசம் ஒரே அளவு தான் குடுப்பேன். போஸ்ட் ஆபீஸ்ல ஆர்டி மாசம் 2,000. அஞ்சு வருஷம், வட்டி 6.7, கட்டறது ஒரு லட்சத்து இருபதாயிரம், வர்றது ஒரு லட்சத்து நாப்பத்தி ரெண்டாயிரத்துக்கு மேல. பன்னெண்டு தவணை கட்டிட்டா கட்டினதுல பாதி கடனா எடுத்துக்கலாம், அடகுக் கடைக்குப் போக வேண்டாம். உங்க அந்த போன் டியூ முடிஞ்ச மறு மாசமே அதே 2,150-ஐ ஆர்டியில போடுங்க சார், அது உங்க கையில இல்லாத காசுன்னு ஏற்கனவே பழகிட்டீங்க. கிரெடிட் கார்ட மொதல்ல முடிங்க, அது தான் எரியற வீடு.

மூஞ்சிக்கல்காரி | ஜூன் 21, காலை 11:15

நான் கொடைக்கானல். நீங்க சொல்றது எல்லாம் சரி, ஆனா எனக்கு ஒரு வருத்தம். சிக்கனமா இரு, சிக்கனமா இருன்னு சொல்றோம், வாடகைய யாரு ஏத்தினாங்கன்னு கேக்க மாட்டேங்கறோம். நான் காட்டேஜ்ல பெட்ஷீட் மாத்தற வேலை, மாசம் பத்தாயிரம். நாயுடுபுரத்துல நாங்க ஒம்போது வருஷம் இருந்த லைன் வீட்டையே இடிச்சு காட்டேஜ் ஆக்கினாங்க, இப்ப அங்கயே பெட்ஷீட் மாத்த போறேன். அந்த ரூம்ல ஒரு ராத்திரி வாடகை என் ஒரு வார சம்பளம். இதுல நான் எங்க போயி சிக்கனம் பண்றது?

ஏன் சொல்றேன்னா நானும் சிக்கனம் பண்ணிப் பண்ணி ஒரு கட்டத்துல கொழந்தைங்களுக்கு முட்டைய நிறுத்தினேன், பால்ல தண்ணி ஊத்தினேன். அப்படியும் பத்தாம குழுவுல 40,000 லோன் எடுத்தேன், வாரா வாரம் கட்டணும், மழை மாசம் காட்டேஜ்ல ஆளே இல்லாதப்ப ஒரு லோன கட்ட இன்னொரு லோன். வாரம் மூணு எடத்துல கையெழுத்து. செவ்வாக்கிழமை வந்தாலே வயிறு கலங்கும். பக்கத்து வீட்டுக்காரங்க எனக்காக கட்ட வேண்டி வந்த அன்னைக்கு நான் பட்ட அவமானம் யாருக்கும் வர வேண்டாம்.

அதுல இருந்து வெளிய வந்தது செலவ கொறைச்சு இல்ல, வருமானத்த சேத்து. வீட்டுக்காரர் சமையல் மாஸ்டர், அவரும் நானும் சேந்து சீசன்ல காட்டேஜ் கெஸ்டுக்கு வீட்டுச் சாப்பாடு செஞ்சு கொடுத்தோம், ரெண்டு சீசன்ல லோன் எல்லாம் முடிச்சேன். பொண்ணுங்கள கவர்மெண்ட் ஸ்கூலுக்கு மாத்தினேன், காலைச் சாப்பாடு மத்தியானச் சாப்பாடு அங்கயே. உரிமைத்தொகை ஆயிரம் வருதே, அத வந்த அன்னைக்கே போஸ்ட் ஆபீஸ்ல போட்டுருவேன், வீட்டு செலவுக்கு எடுக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை சந்தைக்கு காலையில போக மாட்டேன், சாயங்காலம் நாலு மணிக்கு மேல போவேன். பூம்பாறை, மன்னவனூர்ல இருந்து வந்தவங்க மூட்டைய திரும்ப தூக்கிட்டுப் போக விரும்ப மாட்டாங்க, பாதி விலைக்கு கிடைக்கும். பஸ்சு 2024-ல இருந்து மலையிலயும் பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாம ஆச்சு, அதுல எனக்கு மாசம் அறுநூறு மிச்சம். இதுல ஒண்ணு கூட என் கெட்டிக்காரத்தனம்னு நான் நெனைக்கல, கிடைச்ச கைப்பிடிய பிடிச்சு ஏறினேன். தம்பி, வீட்டுக்காரிக்கு ஏதாச்சும் கைவேலை தெரியுமா? தையல், டியூஷன் எதுவா இருந்தாலும்.

காந்தல்வாசி | ஜூன் 21, மதியம் 1:00

நீங்க சொல்றது ஞாயம்ங்க. நாங்க வழி சொல்றோமே தவிர வாடகைய ஏத்தினவங்கள சரின்னு சொல்லல. இங்க மலைப்பகுதியில புதுசா வீடு கட்ட அனுமதி கிடைக்கறது கஷ்டம், அது மலைக்கு நல்லது தான். ஆனா இருக்கற வீடும் காட்டேஜ் ஆனா குடியிருக்கறவன் எங்க போவான், இத முனிசிபாலிட்டி தான் பாக்கணும். நாம கேக்கவும் செய்யணும்.

புதுக்குடித்தனம் | ஜூன் 21, இரவு 8:30

நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும், நாலு லட்சத்துக்கு ஒத்தி வீடு ஒண்ணு வந்திருக்கு, வாடகையே வேண்டாம்னு சொல்றாங்க, போலாமா?

காந்தல்வாசி | ஜூன் 21, இரவு 9:10

கையில சும்மா கெடக்கற காசுன்னா யோசிக்கலாம். நகைய வச்சோ வட்டிக்கு வாங்கியோன்னா வேண்டாம், வாடகைய ஓனருக்கு குடுக்கறதுக்கு பதிலா வட்டிக்காரனுக்கு குடுக்கறீங்க, அவ்வளவு தான். குடுக்கறதுக்கு முன்னாடி வில்லங்கம் போட்டுப் பாருங்க. என் தங்கச்சி மூணு லட்சம் ஒத்திக்கு குடுத்து போனா, ஆறு மாசத்துல வீட்டு மேல ஏற்கனவே இருந்த கடனுக்கு ஜப்தி நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. கையில இருந்தது இருபது ரூபா பத்திரம், பதிவு பண்ணாதது. இன்னும் பாதி காசு வரல. ஒத்திப் பத்திரத்த கண்டிப்பா பதிவு பண்ணுங்க.

விருதுநகர்மகன் | செப்டம்பர் 7, இரவு 9:25

மூணு மாசம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் நன்றி சொல்லாம இருக்க முடியல.

ஜூலை கடைசியில வீடு மாறிட்டோம். பதினோரு நாள் பால் டெப்போவுல நின்னேன், ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா அவங்க பின் வீடு காலியாகுதுன்னு சொன்னாங்க. லவ்டேல் பக்கம், வாடகை 6,500, தனி மீட்டர், ரெண்டு ரூம் தான், ஆனா காலையில வெயில் சமையக்கட்டு வரைக்கும் வருது. கொட்டற மழையில போயி செவுத்துல கைய வச்சுப் பாத்தேன். காஞ்சு இருந்துச்சு. பழைய ஓனர் அட்வான்ஸ்ல பெயிண்ட் காசுன்னு 8,000 பிடிச்சுக்கிட்டாரு, பேசிப் பாத்தேன், முடியல, விட்டுட்டேன். அது இன்னும் வயித்தெரிச்சல் தான்.

முந்தாநாள் மொத கரண்ட் பில்லு வந்துச்சு. 210 யூனிட். 300 ரூபாய்க்குள்ள. வீட்டுக்காரி நம்பாம ரெண்டு தடவை ரீடிங் பாத்தா. ஹீட்டர வித்துட்டோம், அந்தக் காசுல வென்னீர் பையும் ஒரு ரஜாயும். சிலிண்டர் முப்பத்தி நாலு நாள் வந்திருக்கு, கேத்தி அக்கா சொன்ன நாப்பது இன்னும் வரல. பாப்பாவுக்கு ஆகஸ்ட்ல ஒரே ஒரு தடவை தான் சளி, மருந்து 180 ரூபா.

கிரெடிட் கார்டு பாக்கி 19,000 இருந்துச்சு, இப்ப 11,500. டிசம்பருக்குள்ள முடிஞ்சிரும். மூஞ்சிக்கல் அக்கா கேட்டதுக்கு, வீட்டுக்காரி பி.காம், டீச்சரம்மா வீட்டுத் திண்ணையிலயே ஆறு பிள்ளைங்களுக்கு சாயங்காலம் டியூஷன் ஆரம்பிச்சிருக்கா, ஆளுக்கு 300. அந்தக் காசுல பாப்பாவுக்கு தினம் ஒரு முட்டை கூட வாங்கறோம்.

அம்மாவுக்கு அனுப்பற மூவாயிரத்த கொறைக்கலாமான்னு ஒரு நேரம் யோசிச்சேன். கொறைக்கல. பெரியப்பா தீபாவளிக்கு வர்றேன்னு போன் பண்ணாரு, நானும் கூச்சத்த விட்டுட்டு கணக்க எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், அரை மூட்டை அரிசியும் கடலெண்ணெயும் எடுத்துட்டு வர்றேன், நீ ஓட்டல் பக்கமே போகக்கூடாதுன்னு அதட்டினாரு.

ஒண்ணு கேக்கணும், உறைபனிக்கு மேரக்காய் கொடி தாங்குமா? டீச்சரம்மா வேலியோரம் எடம் குடுத்திருக்காங்க, இப்ப நடலாமா இல்ல பொறுக்கணுமா?

கேத்திஅக்கா | செப்டம்பர் 7, இரவு 10:05

பனியில கொடி கருகிரும் தம்பி, ஆனா வேரு சாகாது, மார்ச்ல திரும்ப துளிர்க்கும். இப்பவே நடுங்க, பனிக்கு முன்னாடி வேர் பிடிச்சிரும், டிசம்பர்ல அடியில காஞ்ச புல்ல கனமா போட்டு மூடிருங்க. முளை விட்ட காய் எங்க வீட்டுல மூணு இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில கேத்தி பஸ் ஸ்டாப்புக்கு வாங்க, வீட்டுக்காரம்மாவையும் பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, பாப்பாவுக்கு ஸ்வெட்டர் ஒண்ணு பின்னி வச்சிருக்கேன், அளவு சரியா இருக்கான்னு பாக்கணும்.